'பிரிங்' எப்போது, 'டேக்' எப்போது?

கேள்வி இதுதான். கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவரின் தங்கை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இப்போது கேரள பி.எஸ்.சி. (அரசு வேலைக்கான) தேர்வுக்குத் தயாராகிறார். மாதிரித் தாள் ஒன்றில் 'ப்ளீஸ் ____ திஸ் லெட்டர் டு தி போஸ்ட் ஆபீஸ்' என்று வந்த கோடிட்ட இடத்தில் 'பிரிங்' என்று குறித்திருக்கிறார். விடைக்குறிப்பில் 'டேக்' என்று இருக்கிறது. "ரெண்டும் எடுத்துட்டுப் போறதுதானுங்க மாஷே, இது எப்படித் தப்பாகும்?" என்று என்னைக் கேட்கிறார் அண்ணன் ('மாஷே' என்றால் மலையாளத்தில் வாத்தியாரே). கூடவே இன்னொரு சந்தேகம்: ஒரு கம்பெனிக்கு அண்ணன் அனுப்பிய மெயிலில் 'ஐ ஹேவ் ப்ராட் தி டாக்குமெண்ட்ஸ் டு யுவர் ஆபீஸ் யெஸ்டர்டே' என்று எழுதியிருந்தாராம். அது சரியா?

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: விடைக்குறிப்பு சரி. பேசுகிறவரோ கேட்கிறவரோ இருக்கிற இடத்துக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தால் 'பிரிங்'. அந்த இடத்தைவிட்டு வேறெங்கோ போனால் 'டேக்'. அந்த வாக்கியத்தில் கடிதம் கொடுக்கிறவர் தபாலாபீசில் இல்லை. கடிதம் அவர் கையைவிட்டு மூன்றாவது ஓர் இடத்துக்குப் போகிறது. அதனால் 'டேக்'.

ஆனால் இந்த விதி பல இலக்கணக் கையேடுகளில் இருக்கிறது. உங்கள் தங்கையும் படித்திருப்பார். படித்த பிறகும் கை தவறுகிறது என்றால் காரணம் விதியில் இல்லை, நாம் மொழிபெயர்க்கும் விதத்தில் இருக்கிறது.

தமிழில் 'எடுத்துட்டு வா' என்கிறோம், 'எடுத்துட்டுப் போ' என்கிறோம். இரண்டிலும் முன்பாதி 'எடுத்து'. எந்தத் திசை என்பதைக் கடைசியில் வரும் 'வா'வும் 'போ'வும்தான் சொல்கின்றன. ஆங்கிலத்தில் அப்படிப் பின்னால் ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. கையில் எடுப்பது, திசை இரண்டையும் ஒரே வினைச்சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் வாக்கியத்தை இடமிருந்து வலமாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். 'எடுத்து' வந்ததும் 'டேக்' என்று போட்டுவிடுகிறார்கள். அப்புறம் 'வா' மிச்சம் நிற்கிறது. அதற்கு ஒரு 'கம்' சேர்த்து, 'டேக் அண்ட் கம்' என்று முடிக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆங்கில நோட்டுகளைத் திருத்துகிற எவருக்கும் இந்த 'டேக் அண்ட் கம்' பழகிப்போயிருக்கும். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, "இதுக்கெல்லாம் பிரிங்னு எழுதணும்" என்று சொல்லிவிடுகிறார். பிள்ளை அதை அப்படியே மனதில் வாங்கி, 'எடுத்துட்டு' என்று வந்தாலே 'பிரிங்' என்று முடிவு கட்டிவிடுகிறது. உங்கள் தங்கைக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக, முதலில் வாக்கியத்தின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். 'எடுத்து', 'கொண்டு', 'தூக்கி', 'கூட்டி', 'ஓட்டி' என்று முன்னால் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். வால் 'வா' என்றால் 'பிரிங்', 'போ' என்றால் 'டேக்'. குழந்தையைத் தூக்கிட்டு வந்தாலும் பிரிங், மாட்டை ஓட்டிட்டு வந்தாலும் பிரிங், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனால் டேக். தூக்கினார்களா, ஓட்டினார்களா, கைப்பிடித்து நடத்தினார்களா என்பது ஆங்கிலத்துக்கு இங்கே ஒரு பொருட்டே இல்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'கேரி', 'ட்ரைவ்', 'லீட்' என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆளைக் 'கூட்டிட்டுப் போ' என்பதைக் 'கூப்பிடு'வோடு குழப்பி, 'கால் ஹிம் டு தி ஹாஸ்பிடல்' என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு அவரை வரச்சொல்லிக் கூப்பிடுவதாகத்தான் பொருள்படும்.

இனி விஷயம் கொஞ்சம் சுவாரசியமாகும் இடம். வேலந்தாவளம் பக்கத்துத் தோப்பிலிருந்து தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு ஒரு டிரைவர் பொள்ளாச்சிக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் இரண்டு போன் வருகிறது. பொள்ளாச்சி மண்டிக்காரர் கேட்டால், "லோடு கொண்டுட்டு வந்துட்டிருக்கேனுங்க" என்பார். அடுத்த நிமிடம் வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டால், "பொள்ளாச்சிக்கு லோடு கொண்டு போறேன்" என்பார். அதே வண்டி, அதே தேங்காய், அதே ரோடு. கேட்கிற ஆள் மாறியதும் வினைச்சொல் மாறிவிட்டது. ஆங்கிலத்திலும் அப்படியே: மண்டிக்காரரிடம் 'ஐயாம் பிரிங்கிங் தி லோட்', மனைவியிடம் 'ஐயாம் டேக்கிங் தி லோட் டு பொள்ளாச்சி'. பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருப்பவர் இன்னும் அங்கே சேரவில்லை, ஆனாலும் மண்டிக்காரரிடம் 'பிரிங்' என்கிறார். ஏனென்றால் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வது தன் இடத்தை அல்ல, கேட்பவரின் இடத்தை. 'பேசுகிறவரை நோக்கி வந்தால் பிரிங்' என்று பாதியோடு நிறுத்திவிடும் கையேடுகள் பிள்ளைகளைக் கெடுப்பது இங்கேதான். அந்தப் பாதி விதியைப் பிடித்துக்கொண்டால் மண்டிக்காரரிடமும் 'டேக்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைவிட நுட்பமான ஒரு சங்கதி. இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து, நாளைக்குப் பொள்ளாச்சியில் நடக்கிற ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இப்போதைக்கு இருவருமே பொள்ளாச்சியில் இல்லை. ஒருவர் 'பிரிங் யுவர் சில்ட்ரன் டு தி வெட்டிங்' என்கிறார் என்றால், அவரும் நாளை அங்கே இருப்பார் என்று அர்த்தம். 'டேக் யுவர் சில்ட்ரன் டு தி வெட்டிங்' என்றால், நீங்கள் போகிறீர்கள், அவர் வரப்போவதாகத் தெரியவில்லை. 'குழந்தைகளையும் கூட்டிட்டு வாங்க', 'குழந்தைகளையும் கூட்டிட்டுப் போங்க' என்ற இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள், தமிழிலும் அதே வித்தியாசம் கேட்கும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆங்கிலத்தில் அழைப்பு எழுதும்போது மறந்துபோய் 'டேக்' போட்டுவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரே கல்யாணத்துக்கு வரமாட்டார்கள் போல என்று வெள்ளைக்காரர் நினைத்துக்கொள்வார்.

சரி, இதை உங்கள் ஊர்க்காரருக்கு இன்னும் எளிதாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. சென்னைக்காரருக்கோ மதுரைக்காரருக்கோ இந்த வசதி இல்லை.

மலையாளத்தில் 'கொடு'வும் 'தா'வும் ஒன்றில்லை என்பது கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வாங்கிக்கொள்கிறவர் நானோ நீயோ என்றால் 'தா', 'தராம்', 'தன்னு'. வாங்கிக்கொள்கிறவர் அவனோ அவளோ என்றால் 'கொடுக்கு', 'கொடுக்காம்', 'கொடுத்து'. 'ஞான் நினக்கு தராம்', 'ஞான் அவனு கொடுக்காம்'. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் கடையில் நின்று 'எனிக்கு கொடுக்கு' என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நம் தமிழில் இன்று 'எனக்குக் கொடு', 'அவனுக்குக் கொடு' இரண்டும் ஓடும். மலையாளத்தில் ஓடாது. இதில் முன்னால் ஒரு 'கொண்டு' சேர்த்துப் பாருங்கள். 'கொண்டுதா' என்றால் கொண்டுவந்து என்னிடம் தா. 'கொண்டுகொடுக்கு' என்றால் கொண்டுபோய் அவனிடம் கொடு. முன்னதற்கு ஆங்கிலம் 'பிரிங்', பின்னதற்கு 'டேக்'. உங்கள் தங்கை வீட்டில் தமிழும் ரோட்டில் மலையாளமும் பேசுகிறவர் என்றால், ஆங்கிலம் கேட்கிற இந்தக் கணக்கை தினமும் பலமுறை யோசிக்காமலே போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆங்கில வாக்கியம் வந்ததும், 'இது தா பக்கமா, கொடு பக்கமா?' என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் போதும்.

மலையாளத்தைக் கடன் வாங்கித் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று கோபப்படுகிறவர்களுக்கு: இது ஆதியில் நம்முடைய விதிதான். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில் இருக்கிறது. செலவு (போவது), வரவு (வருவது), தரவு (தருவது), கொடை (கொடுப்பது) என்று நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, நான்கும் மூன்று இடத்துக்கும் உரியவை என்று முதலில் பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில் பிரிக்கிறார்:

'தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த.'

அதாவது தருவதும் வருவதும் 'நான்', 'நீ' என்ற இரண்டு பக்கத்துக்கு. 'ஏனை இரண்டும் ஏனை இடத்த' என்று அதற்கடுத்த நூற்பா முடிக்கிறது. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு, 'அவன்' பக்கத்துக்கு. இந்த நான்கில் வரவு, செலவு இரண்டையும் 'கம்', 'கோ' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்லித்தருகிற விதியேதான் இது. 'நான்' மட்டும் இல்லை, 'நீ'யும் சேர்த்தி என்பதை முன்னிலை என்று தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். மேலே லாரி டிரைவர் கதையில் நான் அழுத்திச் சொன்னது அதைத்தான். 'தரு' என்ற வேரே பல இடங்களில் 'கொண்டு வா' என்ற பொருளுக்கு அருகில் நிற்கிறது. கன்னடத்தில் 'தரு' என்றாலே கொண்டு வருவதுதான். தெலுங்கில் 'தே' என்றாலும் அதே. பாலக்காட்டு எல்லையில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு 'பிரிங்' என்றால் 'தே' என்று ஒரே எழுத்தில் சொல்லி முடித்துவிடலாம். இன்றைய தமிழ் இந்தப் பாகுபாட்டைக் 'கொடு'விடம் விட்டுக்கொடுத்துவிட்டது, மலையாளம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா மொழியும் இப்படிக் கேட்பவரின் இடத்துக்கு மரியாதை கொடுப்பதில்லை. அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் நாம் 'இதோ வரேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஐயாம் கமிங்'. ஸ்பானிஷ்காரரோ ஜப்பானியரோ அதே இடத்தில் 'போகிறேன்' என்ற வினையைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் 'வருவது' என்பது பேசுகிறவர் இருக்கும் இடத்துக்குத்தான். அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1971-இல் கலிபோர்னியாவின் சாண்டா க்ரூஸில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் 'கம்', 'கோ' என்ற இரண்டு வினைகளைத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார். சுட்டு, அதாவது பேசுகிற ஆளையும் இடத்தையும் பொறுத்துப் பொருள் மாறும் சொற்கள், பற்றிய ஆய்வில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிற உரைகள் அவை. 'பிரிங்', 'டேக்' சோடியும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் ஓடுகிறது.

ஆங்கிலம் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமே இதில் எல்லா ஊரிலும் ஒரே ஒழுங்கு கிடையாது. அயர்லாந்தில் பேசுகிற ஆங்கிலத்தில், மற்றவர்கள் 'டேக்' சொல்லும் இடத்தில் சாதாரணமாக 'பிரிங்' வரும். உங்களை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்பதை 'ஐ வில் பிரிங் யூ டு தி ஏர்போர்ட்' என்பார்கள். அமெரிக்காவிலும் சில பகுதிகளில் அப்படித்தான். யூடியூபில் கேட்டுவிட்டு, "அவங்களே சொல்றாங்களே மாஷே" என்று தங்கை கேட்டால், அங்கே அது தப்பில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் பி.எஸ்.சி. தாளில் அந்த வாதம் செல்லாது.

தேர்வுக்கு என்று பார்த்தால், வாக்கியத்திலேயே துப்பு இருக்கும். 'ஹியர்' இருந்தாலோ 'டு மீ' இருந்தாலோ கண்ணை மூடிக்கொண்டு 'பிரிங்'. 'அவே' இருந்தால் 'டேக்'. 'வென் யூ கம்' என்று தொடங்கினால் பின்னால் 'பிரிங்' வரும், 'வென் யூ கோ' என்றால் 'டேக்'. இப்படி எந்தத் துப்பும் இல்லாமல் தபாலாபீஸ், பேங்க், ஸ்கூல் என்று ஓர் இடத்தை மட்டும் சொல்லியிருந்தால், பேசுகிறவர் அங்கே இல்லை என்றே கேள்வி தயாரித்தவர் நினைத்திருப்பார். விடை 'டேக்'. தபாலாபீசில் வேலை பார்க்கிற ஒருவர் அங்கிருந்தே போன் பண்ணி அதே வாக்கியத்தைச் சொன்னால் 'பிரிங்'தான் சரி. தங்கை போட்ட விடை அந்த ஒரு சூழலில் நூற்றுக்கு நூறு செல்லும். ஆனால் தேர்வு எழுதும்போது அவ்வளவு தூரம் கற்பனை செய்யக் கூடாது, நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்.

கதையிலோ செய்தியிலோ 'நான்', 'நீ' இரண்டுமே இல்லாமல் வந்தால்? 'ஷி ப்ராட் தி மில்க் டு தி சொசைட்டி' என்றும் எழுதலாம், 'ஷி டுக் தி மில்க் டு தி சொசைட்டி' என்றும் எழுதலாம். எழுதுகிறவர் கேமராவை எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பால் சொசைட்டி வாசலில் நின்று, அவள் கேனோடு வருவதைப் பார்த்தால் 'ப்ராட்'. அவள் வீட்டு முற்றத்தில் நின்று, அவள் கிளம்பிப் போவதைப் பார்த்தால் 'டுக்'. இரண்டும் சரி. இந்த மாதிரி வாக்கியத்தைத் தேர்வில் கேட்டால் கேள்வி தயாரித்தவர் மேல்தான் குறை.

'ப்ராட்' என்றதும் இன்னொரு தொல்லை நினைவுக்கு வருகிறது. 'பிரிங்'கின் இறந்தகாலம் 'ப்ராட்', 'பை' என்பதன் இறந்தகாலம் 'பாட்'. ஓர் 'ஆர்' எழுத்துதான் வித்தியாசம். நாம் 'கடையில வாங்கிட்டு வந்தேன்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறவர்கள் என்பதால் பிள்ளைகளுக்கு இது இன்னும் குழம்புகிறது. காசு கொடுத்தால் 'பாட்', கொண்டுவந்தால் 'ப்ராட்'. 'போய் எடுத்துட்டு வா' என்று போவதும் வருவதும் சேர்ந்திருந்தால் அதற்கு 'ஃபெட்ச்' என்று தனியாக ஒரு சொல் உண்டு. மாத்திரை, போட்டோ, நேரம், குளியல் என்று 'டேக்' ஒட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு சங்கதி, அங்கே திசையே கிடையாது. அதையெல்லாம் இந்த விதிக்குள் இழுத்துப்போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'டேக்' இங்கிலாந்தில் பிறந்த சொல்லே இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் கூட்டிக்கொண்டு வந்த 'டாகா' அது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் 'நிமன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கை மரத்துப்போனால் சொல்கிற 'நம்ப்' அதன் மிச்சம்தான்.

இனி உங்கள் மெயில். நீங்கள் ஆபீசுக்குப் போன நேரத்தில் மெயில் பெறுகிற கம்பெனிக்காரர் சீட்டில் இல்லை, இப்போது நீங்களும் அங்கே இல்லை, அப்படியிருக்க 'ப்ராட்' சரியா என்பதுதான் உங்கள் பயம் என்று புரிந்துகொள்கிறேன். சரிதான். அது அவருடைய ஆபீஸ். ஆள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தாலும் அந்த இடம் அவர் பக்கம்தான், அதாவது முன்னிலை. 'நேத்து உங்க ஆபீசுக்கு வந்தேன், நீங்க இல்லை' என்று தமிழிலும் 'வந்தேன்' என்றுதானே சொல்கிறோம்? ஆனால் அதே சம்பவத்தை வீட்டில் தங்கையிடமோ நண்பரிடமோ ஆங்கிலத்தில் சொன்னால் 'ஐ டுக் தி டாக்குமெண்ட்ஸ் டு தேர் ஆபீஸ்' என்று மாற வேண்டும்.

அந்த மெயிலில் பிழை 'ப்ராட்'டில் இல்லை, அதற்கு முன்னால் நிற்கிற 'ஹேவ்'இல் இருக்கிறது. 'யெஸ்டர்டே' என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ ப்ராட் தி டாக்குமெண்ட்ஸ் டு யுவர் ஆபீஸ் யெஸ்டர்டே.' இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். 'ஹேவ்' வேண்டுமென்றே ஆசை இருந்தால் 'யெஸ்டர்டே'வை எடுத்துவிடுங்கள், இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள்.